என்ஜினை மாற்றாமல் டேங்கைப் பெரிதாக்கியவர்கள்

என் ராசாவுக்கு,

உப்பளத்து ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் பழக வந்தவள் கிளட்சை ஒரு வழி பண்ணிவிட்டுப் போய்விட்டாள். அடுத்தவள் முத்தையாபுரத்தில் பஸ் ஏறி வர வேண்டும். அதுவரை டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்கு வேலை இல்லை. மத்தியான வெயிலில் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் அசைகிற மாதிரியும் இருக்கிறது, அசையாத மாதிரியும் இருக்கிறது. கண்ணை லேசாகச் சுருக்கினால் எது உப்பு, எது தண்ணீர், எது ஆகாயம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த நேரத்தில் நான் எப்போதும் பாதித் தூக்கத்தில்தான் இருப்பேன். உன்னிடம் பேச இதுதான் தோதான நேரம். முழுசாக முழித்திருக்கும்போது பேசினால் உன்னை அதட்டிவிடுவேன், அது எனக்கே தெரியும்.

அன்றைக்குப் போனில் உன் குரல் நன்றாக இல்லை. அங்கே அமெரிக்காவில் நீங்கள் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்த சின்னக் காரை, பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற அந்தக் காரை, வேண்டாம் என்று கம்பெனி மூடிவிட்டது என்றாய். ஒன்று, பெரிய டிரக் செய்கிற பிரிவுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கிளம்ப வேண்டும். இங்கே நம் ஊருக்கு வெளியே வந்திருக்கிற வெளிநாட்டுக் கார் ஃபேக்டரியில் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சொன்னாய். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கடைசியில் கேட்டாய்: "எங்களுக்குச் செய்யத் தெரியாதாம்மா? எல்லாம் தெரியும். அப்புறமும் ஏன் ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டுக்காரன்கிட்ட தோத்துட்டு நிக்கோம்? நான் இப்ப என்ன செய்யட்டும்?" அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சாக்குச் சொல்லி உன் அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் வழக்கம்போல "சாப்ட்டியாலே?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் கேள்வி மட்டும் என் கூடவே சுற்றிக்கொண்டிருக்கிறது. கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்கும்போதும், பஸ் ஸ்டாண்டு முக்கில் ஆட்டோக்காரனைத் திட்டும்போதும், அது பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது.

கார் கம்பெனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? காரை வாங்குகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். நம் ஊரில் கார் வாங்கப் போகிறவள் என்னிடம் முதலில் கேட்பது, "டீச்சர், லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்றுதான். நிறம், பாட்டு, ஏசி எல்லாம் அதற்கப்புறம். உன்னைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்தபோது, உன் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அந்தப் பெரியவர் நம் ரெண்டு பேரையும் தன் டிரக்கில், முன்னால் காரும் பின்னால் திறந்த லாரியுமாக இருக்கிற அந்த வண்டியில், ஏற்றிக்கொண்டு ரொட்டிக் கடைக்குக் கூட்டிப் போனாரே, நினைவிருக்கிறதா? ஏறுவதற்கே எனக்கு ஒரு முக்காலி வேண்டியிருந்தது. பின்னால் அவ்வளவு பெரிய இடம், ஒரு கூடை மீன்கூட இல்லை, பெருக்கித் துடைத்து வைத்த தரை மாதிரி இருந்தது. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று உன்னைக் கேட்கச் சொன்னேன். மனுஷன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தெரியாது என்று சிரித்தார். ஆனால் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று அவராகவே சொன்னார். எதை இழுப்பீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு படகு இருந்தது, அதை விற்றுவிட்டேன் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வண்டி ரொம்பப் பிடித்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து ரோடு கீழே எங்கேயோ ஓடியது. பனி பெய்துகொண்டிருந்தது. உப்பளத்துக்கு நடுவே மிதந்து போகிற மாதிரி இருந்தது. எதிரே வந்த வண்டிகள் எல்லாமும் அதே உயரம். சின்னக் கார் வாங்கிக்கொள்ளலாமே என்று நான் சொன்னதை நீ அவரிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். இவர்களுக்கு நடுவில் சின்ன வண்டியில் போனால் நான் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டேன், நசுக்கிவிடுவார்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உன் அப்பாவின் விசைப்படகு ஞாபகத்துக்கு வந்தது. உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். படகுப் பேச்சை எடுத்தாலே உன் முகம் மாறும் என்பதால் விட்டுவிட்டேன்.

நம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் விடியுமுன் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவை. கடலில் தங்கக் கூடாது. முதலில் வந்து சேருகிற படகின் மீனுக்கு ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகும். வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் பணத்தோடு அதற்காகவே நிற்பார்கள். எல்லாப் படகும் வந்து குவிந்த பிறகு அதே மீன் கேட்பாரில்லாமல் கிடக்கும். அப்படி இருந்தால் யார்தான் மெதுவாக வருவார்கள்? உன் அப்பா கொஞ்சம் பெரிய என்ஜினாக வாங்கிப் போட்டார். பழையதைக் கொல்லையில் வாதாம் மரத்தடியில் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம். நீ அதன்மேல் ஏறி உட்கார்ந்து டுர் டுர்ரென்று எந்தெந்த ஊருக்கோ போய்க்கொண்டிருப்பாய். அந்த சீசன் முழுக்க உன் அப்பாதான் முதல் ஆள். எனக்கு அந்த நாட்கள் எவ்வளவு பிடித்திருந்தன தெரியுமா? நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஹார்பருக்குப் போவேன். முதல் படகுக்காரன் பெண்டாட்டி என்று நாலு பேர் வழிவிட்டார்கள். அந்த வழியில் நடந்தபோது கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை.

அடுத்த சீசனில் எல்லாரும் அதே என்ஜினைப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் வேகமாகப் போய் வேகமாக வந்து, மறுபடியும் ஒன்றாகவே கரையில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். டீசல் மட்டும் கூடுதலாகப் போனது. உன் அப்பா அதைவிடப் பெரியதைப் போட்டார். அதையும் எல்லாரும் போட்டார்கள். மானிய விலையில் டீசல் கிடைத்த காலம், அதனால் யாருக்கும் வலி தெரியவில்லை. ஒருநாள் வருகிற வழியில், முன்பு முத்துக் குளித்த பார்கள் கடலடியில் இருக்கிற இடத்துக்கு மேலேயே டீசல் தீர்ந்து படகு நின்றுவிட்டது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? என்ஜின் ரொம்பக் குடிக்கிறது என்று நினைப்பான். உன் அப்பா டேங்க் சின்னதாக இருக்கிறது என்று நினைத்தார். வெல்டிங்காரனைக் கூட்டிவந்து, ஐஸும் மீனும் வைக்கிற அறையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து டேங்கைப் பெரிதாக்கினார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தோம். தருவைகுளத்திலிருந்து என் தம்பி, உன் சேவியர் மாமா, வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், மீனை எங்கன வைப்பீய?" என்று கேட்டான். உன் அப்பா சளைக்கவில்லை. "மொதல்ல போய்ச் சேரணும்லா. மீனைப் பொறவு பாப்போம்."

இதை இப்போது எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது. படகு தண்ணீரில் ஒரு சாண் தாழ்ந்துபோனது. டீசலைச் சுமப்பதற்கே டீசல் எரிந்தது. ஆனால் சிரித்து முடித்துவிட்டு யோசித்துப் பார், ராசா, உன் கம்பெனிக்காரர்கள் வேறு என்ன செய்தார்கள்? பெட்ரோல் மலிவாக இருந்தபோது பெரிதாகச் செய்தார்கள். விலை ஏறினால் ஜனங்கள் வெளிநாட்டுச் சின்னக் காரைத் தேடிப் போகிறார்கள். உடனே இவர்களும் அவசர அவசரமாக, மனசே இல்லாமல், ஒரு சின்னக் காரைச் செய்கிறார்கள். மனசில்லாமல் வைத்த குழம்பு யாருக்கு ருசிக்கும்? விலை இறங்கியதும் அப்பாடா என்று மறுபடி பெரியதற்கே ஓடிப்போகிறார்கள். ஒரு டிரக்கில் கிடைக்கிற லாபம் எத்தனையோ சின்னக் கார் விற்றாலும் கிடைக்காது என்று நீதானே சொன்னாய். வெளிநாட்டு டிரக் உள்ளே வராதபடி அரசாங்கம் வரி வேறு போட்டுக் காவல் நிற்கிறது என்றும் சொன்னாய், நமக்கு மானிய டீசல் மாதிரி. அவர்கள் முட்டாள்கள் இல்லை. உன் அப்பாவும் முட்டாள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்துக்குச் சரியானதைத்தான் செய்தார்கள். எல்லா வருஷத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தப்பு தெரிகிறது.

ஜெயிக்கிறவர்களை நீ பெரிய ஞானிகளாக்கிவிடாதே. உன் சேவியர் மாமாவை எடுத்துக்கொள். அவனுடைய சின்னப் படகில், அந்த வள்ளத்தில், ஒரு சுண்டைக்காய் என்ஜின், காற்றுக்கு ஒட்டுப் போட்ட பாய். காற்று தோதாக அடித்தால் என்ஜினை நிறுத்திவிட்டுப் பாயை விரித்துவிடுவான். கேலி செய்தால், "காத்து சும்மாதானே அடிக்கு, வேண்டாம்னா சொல்லணும்?" என்பான். நம் வீட்டுக்கு வந்தால்கூட ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பவன் அவன். இது அறிவா? அவனிடம் பெரிய என்ஜின் வாங்கப் பணம் இல்லை, கொடுக்கவும் ஆள் இல்லை. அதனால் குடிக்காத என்ஜினோடு குடித்தனம் பண்ணப் பழகிக்கொண்டான். அந்த வெளிநாட்டுக்காரர்களும் அப்படித்தானே? அவர்கள் ஊரில் சந்து குறுகல், பெட்ரோல் விலை அதிகம், எண்ணெய் என்றால் கப்பலில் வந்தால்தான் உண்டு. வீட்டுக்குள் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டதை வெளியே கொண்டுவந்து விற்றார்கள். பழக்கத்தை மட்டும் ஒரு சீசனில் வாங்கிப் பொருத்திவிட முடியாது. உன் மாமாவுக்கு இப்போது நாலு காசு சேர்ந்திருக்கிறது. போன வாரம் வந்து, பெரிய என்ஜின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

உன் அப்பா டேங்கைப் பெரிதாக்கிய பிறகு டீசல் விலை ஏறியது. மானியத்தில் கிடைத்தது எந்த மூலைக்கும் போதவில்லை. கடலுக்குப் போனால் நஷ்டம் என்று படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகைக் கரையேற்றி வேலை பார்க்கிற மாதங்கள். உன் அப்பா வேலை பார்க்காமல், வாதாம் மரத்தடியில் அந்தப் பழைய என்ஜின்மேல் போய் உட்கார்ந்திருந்தார், நீ உட்காருகிற அதே இடத்தில். சாயங்காலக் காற்றில் பழுத்த இலைகள் அவர் மேலே விழுந்துகொண்டிருந்தன, அவர் தட்டிவிடக்கூட இல்லை. நான் கருவாடு காயப்போட்டிருந்ததை அள்ளிக்கொண்டிருந்தேன். "ஏளா," என்றார். "இதையே திரும்பப் போட்டா என்ன?" "கடேசியால்லா வருவீய," என்றேன். "வாரேன்," என்றார். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதே பெரிய படகில் அந்தச் சின்ன என்ஜினைப் பொருத்தி, டேங்கையும் பழைய அளவுக்கு வெட்டினார்கள். வேறு ஒருத்தரும் அப்படிச் செய்யவில்லை. எல்லாரும் சேர்ந்து சின்ன என்ஜினுக்கு இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் முதலில் இறங்குகிறவன் ஏலத்தில் தோற்க வேண்டும். உன் கம்பெனிக்காரர்கள் பயப்படுவதும் அதற்குத்தான்.

கடைசியாகத்தான் வந்தார். தினமும். ஹார்பரில் நமக்குக் 'கடேசி போட்டு', கடைசிப் படகு, என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. அது உன் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. 'கடேசி போட்டு மவன்' என்று கூப்பிட்டார்கள் என்று பையைத் தூக்கி எறிந்தாய். "இனி நான் ஹார்பருக்கு வரமாட்டேன்," என்றாய். வரவுமில்லை. உன் அப்பா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அப்போது உன் மேல் கோபம், இப்போது இல்லை. அந்த வயதில் நானாக இருந்தாலும் பையை எறிந்திருப்பேன். ஆனால் நீ வராமல் போனதால் பார்க்காமல்போன ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். கடைசியாக வந்த மீனுக்கு விலை குறைந்தது நிஜம். டீசல் செலவு அதைவிட அதிகமாகக் குறைந்தது. ஐஸுக்கு இடம் கிடைத்ததால் மீன் விறைப்பாக, கண் பளபளப்பாக வந்தது. மீன் கம்பெனிக்காரர்களோடு போட்டி போட்டு ஏலம் கேட்க முடியாத, கூடை தூக்கி விற்கிற பெண்கள் எல்லாம் உன் அப்பா படகுக்கென்றே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்கள். உன் மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. வயிற்றெரிச்சலோடு வந்து சொன்னான்: "மச்சான், நீரு இப்ப மிச்சம் புடிக்க டீசல்ல என் வள்ளம் வருசம் பூரா ஓடும்லா."

அவன் பொறாமையில் சொன்னதுதான் உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில். சேவியர் மாமா வள்ளத்தில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அது கைப்பிடி அளவுதான், ஏற்கெனவே குடிக்காத வண்டி அது. பெரிய படகு கொஞ்சம் குறைத்துக் குடித்ததும் வள்ளத்தின் மொத்தக் குடியும் அதற்குள் அடங்கிவிட்டது. உன் பக்கத்து வீட்டு டிரக்காரப் பெரியவர் சின்னக் கார் வாங்கப் போவதில்லை, ராசா. நீ தலைகீழாக நின்றாலும் வாங்க மாட்டார். அவர் வாங்கப்போகிற அந்தப் பெரிய வண்டி கொஞ்சம் குறைவாகக் குடிக்கும்படி உன்னால் செய்ய முடிந்தால், நீ செய்த சின்னக் காரைவிட அதில் மிச்சமாவது அதிகம். அதனால் டிரக் பிரிவுக்குப் போ. போய், அந்தப் பெரிய படகுக்குள்ளேயே இருந்துகொண்டு என்ஜினை மாற்று. அங்கேயும் உன்னைக் கேலி செய்வார்கள், கூட்டங்களில் உன் பேச்சைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இரு. ஒரு தடவை நிரப்பினால் இவ்வளவு தூரம் போகும் என்று விளம்பரம் செய்யச் சொல்வார்கள். டேங்கின் அளவை யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது பேட்டரி வந்துவிட்டது, அதையும் பெரிதாக்கி அதன் பாரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கிறார்களாம். டேங்கைப் பெரிதாக்குகிற வேலைக்கு மட்டும் நீ போகாதே.

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் என் ஆசை இது இல்லை. உன் அறையில் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாகிவிட்டது. உன் அப்பா முழங்கால் வலியோடு சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று நினைக்கிறாய்? அந்தப் புதுக் கார் ஃபேக்டரி ரோட்டுக்கு. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். வந்து, கேட்காமலே சொல்லுவார்: "மரம் நட்டிருக்கான். நம்ம ஊர்ப் பையனுவ நெறைய பேர் உள்ள போறானுவ." சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார். இந்தக் கடிதத்தை 'கிளம்பி வந்துவிடு' என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். நான் உட்கார்ந்திருக்கிற இந்தச் சீட்டில் பிரேக் உண்டு, ஸ்டியரிங் கிடையாது. பழக வருகிறவள் சரியாகப் போகும்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காக பிரேக்கை மிதித்தால் நான் என்ன டீச்சர்? உன் அப்பாவிடம், அவனுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அவன் இஷ்டம்," என்றார். ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "அவன் செஞ்ச அந்தச் சின்ன வண்டிய மூடுததுக்கு முன்ன ஒரு தடவயாச்சும் ரோட்டுல ஓட்டிப் பாத்தானான்னு கேளு," என்றார். அடுத்த தடவை போன் செய்யும்போது இதற்குப் பதிலை என்னிடம் சொல்லாதே, அவரிடம் சொல். சாப்பிட்டியா என்று கேட்பார். அதோடு போனை வைத்துவிடாமல் சொல்.

நீ ஹார்பருக்கு வராமல் நின்றுவிட்ட பிறகு நான் தனியாகப் போய் நிற்பேன். மற்றப் படகுகள் எல்லாம் வந்து, ஏலம் முடிந்து, சத்தம் அடங்கிவிடும். அந்தப் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகும், நடுவில் கோடுகூட இருக்காது. அப்போது எங்கிருந்தோ மெதுவாக ஒரு டுக் டுக் டுக். உன் வாதாம் மரத்தடி என்ஜின். படகு கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். முதல் படகாக வந்த நாட்களில் அத்தனை இரைச்சலில் உன் அப்பாவின் சத்தம் எது என்று ஒருநாளும் எனக்குப் பிரித்துத் தெரிந்ததில்லை. அதோ, முத்தையாபுரம் பஸ் வந்து நிற்கிறது. அந்தப் பெண் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறாள். நான் இந்தக் காகிதத்தை மடித்து வைக்க வேண்டும். நீ அங்கே செய்ய வேண்டியதை நிதானமாகச் செய்துவிட்டு வா. எங்களுக்காக அவசரப்பட்டு, முதலில் வந்து சேர வேண்டும் என்று கிளம்பாதே. கடைசியாக வருகிற படகுக்குக் கரையில் நிற்பது எனக்கு நன்றாகப் பழகிய வேலை.

உன் அம்மா